பட்டம் இருக்கிறது, கைப்பழக்கம் இருக்கிறதா?

(கல்லூரி மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களிடம் ஒரு கேள்வி. நம் வீட்டுப் பிள்ளை மூன்று வருடம் கல்லூரிக்குப் போகிறான். பி.காம். முடிக்கிறான், பி.எஸ்ஸி. முடிக்கிறான். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டுகிறோம். அடுத்த மாதம் ஒரு கம்பெனிக்காரர் அவனைக் கூப்பிட்டு, "இந்த இரண்டாயிரம் வரிக் கணக்கில் யார் யார் பாக்கி என்று பிரித்துக் கொடு தம்பி" என்கிறார். பையன் விழிக்கிறான். ஏன் விழிக்கிறான்? அறிவில்லையா? இருக்கிறது. படிக்கவில்லையா? படித்தான். பரீட்சையில் கம்ப்யூட்டர் தாளும் எழுதித் தேறினான். ஆனால் மூன்று வருடத்தில் அவன் விரல் அந்த வேலையைச் செய்ததே இல்லை!

நீச்சலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவனைக் குளத்தில் தள்ளினால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது.

2006-ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை வந்தது. இருபது வயதைக் கடந்தவர்களில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் நாடு முழுவதும் சுமார் 7 விழுக்காடு, முஸ்லிம்களில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அது சொன்னது. அதைப் படித்து வருந்தினோம், மேடை மேடையாகப் பேசினோம். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களில் முதன்முறையாகப் பிள்ளைகள் கல்லூரிப் படியை மிதித்தார்கள். மகிழ்ச்சி! ஆனால் இத்தனை சிரமப்பட்டு வாங்கிய பட்டம் கையில் ஒரு தொழிலைத் தராமல் போனால், நாளை அந்தத் தாய் என்ன சொல்வாள்? "படிக்க வைத்தது வீண், கடையிலேயே நிறுத்தியிருக்கலாம்" என்பாள். அந்தச் சொல் வந்துவிட்டால் தம்பிக்கும் தங்கைக்கும் கல்லூரிக் கதவு மூடிவிடும். நம் முன் இருக்கும் ஆபத்து இதுதான்.

பேராசிரியருக்கும் தேவை

இது மாணவர்களின் குறை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களிலும் இந்த ஓட்டை உண்டு.

2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர், கார்மென் ரெய்ன்ஹார்ட் என்ற அறிஞரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்பது அதன் சாரம். அரசின் செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். 2013-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. அறிஞர்களிடமே எக்ஸெல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கூட்டிச் சராசரி எடுத்த சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன! அந்தத் தவறை இரு அறிஞர்களும் ஒப்புக்கொண்டார்கள். கணக்கிட்ட முறையில் வேறு குறைகளும் இருப்பதாக அந்த மாணவரும் அவருடைய ஆசிரியர்களும் எழுதினார்கள். கட்டங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோமா என்று திருப்பிப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்.

இன்னொன்று. மனித உடலிலுள்ள மரபணுக்களுக்கு விஞ்ஞானிகள் சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலவற்றின் பெயர் 'மார்ச்1', 'செப்ட்2' என்று இருந்தது. எக்ஸெலில் இதைத் தட்டினால் அது தானாகவே மார்ச் 1-ஆம் தேதி, செப்டம்பர் 2-ஆம் தேதி என்று மாற்றிவிடும்! 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியலை எக்ஸெல் தாளாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதே 2020-இல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதைக் கவனிக்காமல் பரிசோதனை முடிவுகளை அதில் ஏற்றினார்கள். 15,841 நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதப்பட்டது.

ஆக, மாணவருக்கு மட்டுமல்ல. ஆய்வாளருக்கும், பேராசிரியருக்கும், நூலகருக்கும், கல்லூரி அலுவலகத்தில் கட்டணக் கணக்கு எழுதுபவருக்கும் இந்தப் பயிற்சி வேண்டும். கல்லூரிச் சமூகம் என்றால் இவர்கள் அத்தனை பேரும்தான்.

தச்சு வேலை போல ஒரு பயிற்சி

இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் கிரெக் வில்சன், பிரென்ட் கோர்டா என்ற இருவர் விஞ்ஞானிகளுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி', அதாவது மென்பொருள் தச்சு. பெயரிலேயே பாடம் இருக்கிறது. பாலம் கட்டுகிற பொறியாளர் எல்லாரும் ஆக வேண்டாம். ஆனால் வீட்டுக் கதவு இழுத்தால், இழைப்புளியை எடுத்து நாலு இழைப்பு இழைத்துச் சரிசெய்யத் தெரிய வேண்டுமா இல்லையா? அந்த அளவு கைவேலை கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம்.

முதலில் ஒரு வாரப் பாடமாக நடத்தினார்கள். ஒரு வாரம் ஒதுக்க எல்லாராலும் முடியுமா? பிற்காலத்தில் இரண்டே நாள் பட்டறையாக அதைச் சுருக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அது நாடு நாடாகப் பரவியது. 2014-இல் புள்ளிவிவரங்களைக் கையாள 'டேட்டா கார்பென்ட்ரி' வந்தது. 2015-இல் நூலகர்களுக்கென்றே லண்டனில் 'லைப்ரரி கார்பென்ட்ரி' தொடங்கியது. 2018-இல் 'தி கார்பென்ட்ரீஸ்' என்று ஒரே அமைப்பாகச் சேர்ந்தார்கள். பாடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். எடுத்தது இங்கிருந்து என்று சொன்னால் போதும்.

பட்டறை எப்படி நடக்கிறது தெரியுமா? ஆசிரியர் படம் காட்டிப் பேசிவிட்டுப் போவதில்லை. திரையில் எல்லாரும் பார்க்கத் தாமே ஒவ்வொரு வரியாகத் தட்டுகிறார். மாணவரும் கூடவே தட்டுகிறார். ஆசிரியருக்கே பிழை வந்தால் மறைப்பதில்லை. ஏன் வந்தது, எப்படித் திருத்துவது என்று அதையே பாடமாக்குகிறார்.

இது நமக்குப் புதிதா சகோதரர்களே? மக்தபில் உஸ்தாத் எழுத்தின் மீது விரல் வைத்து ஓதிக் காட்டுவார். பிள்ளை திருப்பி ஓதும். உச்சரிப்புப் பிசகினால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். நாளைக்குத் திருத்தலாம் என்று விடமாட்டார். அதே முறைதான் இது!

இன்னொரு சிறிய உபாயம். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். வேலை முடிந்தால் ஒரு நிறத்தை கம்ப்யூட்டரின் மேல் ஒட்ட வேண்டும். தடுமாறினால் மற்ற நிறம். அறையைச் சுற்றி வரும் உதவியாளர் அந்த நிறத்தைப் பார்த்து அருகில் வருவார். கூச்சப்படும் பிள்ளை எழுந்து நின்று "எனக்குப் புரியவில்லை சார்" என்று சொல்ல வேண்டியதே இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஒரு கூச்சத்தாலேயே பின்தங்கினார்கள்! சாப்பாட்டு இடைவேளையில் அதே சீட்டில் நன்றாக இருந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிற்பகலே பாடம் அதற்கேற்பத் திருந்துகிறது.

வணிகருக்குப் புரியும் பாடம்

அங்கே சொல்லித் தரும் பாடத்தில் ஒன்றை இங்கேயே சொல்கிறேன். கடை வைத்திருக்கும் பெரியவர்களுக்கு உடனே புரியும்.

கணக்குத் தாளில் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு தகவல்தான் இருக்க வேண்டும். "அரிசி 5 மூட்டை, பாக்கி 2,000" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் மனிதனுக்குப் புரியும், கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியாது. சரக்கு ஒரு பத்தி, அளவு ஒரு பத்தி, பாக்கி ஒரு பத்தி. ஒரு வியாபாரத்துக்கு ஒரு வரி. பாக்கிக்காரரைச் சிவப்பு வண்ணம் பூசி அடையாளம் வைக்காதீர்கள். 'பாக்கி உண்டா' என்று தனிப் பத்தி போட்டு ஆம், இல்லை என்று எழுதுங்கள். வண்ணத்தைக் கொண்டு கூட்டிக் கழிக்க முடியாது. முதலில் பதிந்த மூலத் தாளை மாற்றாமல் தனியே பத்திரப்படுத்துங்கள். வேலையெல்லாம் நகலில் செய்யுங்கள்.

சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகிய நம் பெரியவர்களுக்கு இது தெரிந்த ஒழுங்குதானே! 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது எத்தனை கடைக்காரர்கள் பில்லைப் பையில் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் தெரிந்தவரைத் தேடி அலைந்தோம்! அதே தெருவில் பி.காம். படித்த பையன் சும்மா உட்கார்ந்திருந்தான். இருவரையும் சேர்க்கப் பாலம் இல்லை. அந்தப் பாலம்தான் பயிற்சிப் பட்டறை.

தமிழிலேயே இருக்கிறது!

"இங்கிலீஷ் வராதே" என்பீர்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் 'ஸ்போக்கன் டுடோரியல்' என்ற திட்டம் மத்திய அரசு நிதியில் வளர்ந்தது. ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிட வீடியோ. லிப்ரே ஆபீஸ், லினக்ஸ், பைத்தான், ஜாவா, படம் திருத்தும் கிம்ப் என்று பல பாடங்கள். குரலைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கொடுத்தார்கள். திரையில் தெரிவது ஆங்கிலம், காதில் விழுவது தமிழ். வேலைக்குப் போகும் இடத்தில் திரை ஆங்கிலத்தில்தானே இருக்கும்? அதற்கும் பழகிவிடுகிறான், பாடமும் புரிந்துவிடுகிறது. ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் மென்பொருள். பார், நிறுத்து, செய், மறுபடி பார்! கல்லூரி ஆய்வகத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இன்டர்நெட்கூட வேண்டாம்.

அதிலும் ஒரு நல்லது கவனியுங்கள். பாடமெல்லாம் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும் மென்பொருள்களைப் பற்றியவை. காசு கொடுக்க முடியவில்லை என்று திருட்டு மென்பொருளைப் போட்டுப் படிப்பது நமக்கு அழகா? பிறர் உழைப்பைக் களவாடித் தொழில் கற்றால் அதில் பரக்கத் எங்கிருந்து வரும்? 2010-இல் வந்த லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. நூலகத்துக்கு நியூசிலாந்தில் பிறந்து 2000-இல் வெளியான கோஹா இருக்கிறது. தமிழில் இவற்றைப் பற்றி எழுத 2012-இல் 'கணியம்' இணைய இதழ் தொடங்கியது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டமும் 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டுக் கல்லூரிகளுக்குள் திறன் பாடங்களைக் கொண்டு வந்தது. வாசல்கள் திறந்தன, நாம்தான் நுழைய வேண்டும்.

தமிழ்த்துறை மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பழைய எழுத்துருவில் தட்டிய ஆய்வேடு வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். யூனிகோடில் தட்டினால் அந்தத் தொல்லை இல்லை. 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகினால் ஆயுளுக்கும் போதும்.

"யூடியூப் போதாதா? ஏ.ஐ. வந்துவிட்டதே!"

இளைஞர்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். "எல்லாமே செல்போனில் இருக்கிறதே, பட்டறை எதற்கு?"

தம்பி, செல்போனில் பாடம் இருக்கிறது, சரிதான். அதற்குப் பக்கத்திலேயே கிரிக்கெட்டும் சினிமாவும் இருக்கிறதே! தனியாகத் தொடங்கியதில் எத்தனையை முடித்தாய்? உன் மனதையே கேட்டுப் பார். பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும்போது, தடுமாறிய நொடியில் ஒருவர் வந்து உதவும்போது, கை விடாது. பட்டறையில் பிடித்த வேகத்தை வீட்டில் வீடியோ வளர்க்கும். இரண்டும் வேண்டும்.

ஏ.ஐ. கதை வேறு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல் கேட்டதை எழுதித் தரும் எந்திரம் எல்லார் கையிலும் வந்துவிட்டது. நல்ல கருவிதான். ஆனால் தவறையும் அது தயங்காமல், அழகான நடையில் எழுதித் தரும். அதைத் தவறென்று பிடிக்க யாரால் முடியும்? வேலை தெரிந்தவனால் மட்டுமே! ஹார்வர்டு கணக்கில் ஐந்து நாடுகள் விடுபட்டதைக் கண்டவர் கணக்கைத் தானே போட்டுப் பார்த்த மாணவர். கணக்குப் போடத் தெரியாதவனுக்குக் கணக்குப்பிள்ளை கிடைத்தால் முதலாளி யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பட்டறையில் இதையும் பாடமாக வையுங்கள். எந்திரம் தந்ததைச் சரிபார்ப்பது எப்படி, மாணவர் பட்டியலையும் வாடிக்கையாளர் விவரத்தையும் அதில் ஏற்றாமல் இருப்பது ஏன் என்று சொல்லிக் கொடுங்கள்.

அன்று கட்டியவர்களின் வாரிசுகளே!

வணிகப் பெருமக்களே! 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரி, அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி. 1955-இல் பெண்களுக்கென்று சென்னையில் எஸ்.ஐ.இ.டி. கல்லூரி, 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 1965-இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி. இவற்றில் பலவற்றின் பின்னால் தோல் வியாபாரமும் மற்ற வணிகமும் செய்து சம்பாதித்த பணம் இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் சுவர் எழுப்பினார்கள். எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். சுவருக்குள் உயிர் ஊட்டுவது நம் முறை.

அதற்குக் கோடிகள் வேண்டாம். கட்டடம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கிறது. வேண்டியது பழுது பார்த்த கம்ப்யூட்டர்கள், மின்சாரம் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ்., பயிற்சியாளரின் வழிச்செலவு, நாற்பது பேருக்கு இரண்டு நாள் பகல் சாப்பாடு. நம் கல்யாண விருந்தில் ஒரு பந்தியைக் குறைத்தால் ஒரு பட்டறை நடக்கும்! பெயர்ப் பலகை வேண்டும் என்றால் சுவரில் வேண்டாம், ஒரு பிள்ளையின் சம்பளச் சீட்டில் பாருங்கள்.

பணத்தைவிட இன்னொன்றும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் கடையின் உண்மையான சரக்குப் பட்டியல்! வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரை நீக்கிவிட்டுப் பயிற்சிக்குக் கொடுங்கள். கற்பனைக் கணக்கைவிட மாணவன் அதில் அதிகம் கற்பான். நன்றாகச் செய்பவனை நீங்களே அடையாளம் கண்டு வேலைக்கும் எடுக்கலாம்.

பெண் பிள்ளைகளின் தந்தையரே! "வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டோம்" என்கிறீர்கள். சரி, பயிற்சி அவள் படிக்கும் கல்லூரிக்கே, கல்லூரி நேரத்திலேயே வந்தால்? அப்போது என்ன தடை சொல்வீர்கள்? அவளிடம் இருப்பது ஆணிடம் இருப்பதற்குக் குறைந்த மூளையா? கைத்தொழில் தெரிந்த பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரு சோதனை வந்தால், யார் வாசலிலும் நிற்காமல் வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி இருக்கும். சிந்தியுங்கள்!

செய்ய வேண்டியது என்ன?

பேச்சோடு கலைந்தால் பயனில்லை. இளைஞர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கல்லூரி முதல்வரைச் சந்தித்து இரண்டு நாளுக்கு ஆய்வகத்தைக் கேளுங்கள். மாணவர், ஆசிரியர், நூலகர், அலுவலர் எல்லாருக்கும் இடம் வையுங்கள். ஆசிரியர் மாணவரோடு அமர்ந்து கற்பது இழுக்கல்ல, பெருமை.

இரண்டு: நாற்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். எட்டுப் பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் இருக்கட்டும். கூட்டம் சேர்ப்பது மாநாட்டுக்கு, பயிற்சிக்கு அல்ல.

மூன்று: வருபவருக்கு என்ன தெரியும், எதற்காகக் கற்க விரும்புகிறார் என்று முன்பே எழுதி வாங்குங்கள். தெரியாதவரையும் தெரிந்தவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் இருவருமே பசியோடு எழுவார்கள்.

நான்கு: முந்தின நாளே எல்லாக் கம்ப்யூட்டரிலும் மென்பொருளை ஏற்றிச் சோதியுங்கள். முதல் மணி நேரம் இதில் போனால் பாதிப் பேர் மனம் விட்டுவிடுவார்கள்.

ஐந்து: பட்டறை முடிந்ததும் கதவைப் பூட்டாதீர்கள். வாரம் ஒரு மாலை அதே அறையில் கூடுங்கள். கற்றவர்களில் நல்லவர் அடுத்த பட்டறையில் உதவியாளர் ஆகட்டும், அதற்கடுத்ததில் ஆசிரியர் ஆகட்டும். 'தச்சு'ப் பட்டறை உலகம் முழுக்கப் பரவியது இப்படித் தன்னார்வலர்களால்தான்.

இரண்டே நாளில் எல்லாரும் நிபுணராகிவிடுவார்கள் என்று யாரும் ஏமாற்ற வேண்டாம். இரண்டு நாளில் பயம் போகும். எங்கே தொடங்குவது என்று தெரியும். மீதி, அன்றாடப் பழக்கத்தில் வரும்.

வணிகர்களே, கூட்டம் கலையுமுன் உங்கள் ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவரின் கையைப் பிடித்து, "எந்தத் தேதியில் வைக்கலாம் தம்பி?" என்று கேளுங்கள். தேதி குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு உழைப்போம். வல்ல இறைவன் நம் முயற்சியில் அருள் புரிவானாக!